எரிக்காமல் விதைக்கலாமா?

பெரும்போக அறுவடை முடிகின்ற நாட்களில் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் படுவான்கரைப் பக்கம் ஆங்காங்கே புகை எழுவதைக் காணலாம். அது வைக்கோல் எரிகின்ற புகை. நம்மில் பலருடைய குடும்பங்களுக்கு அந்தப் பக்கத்தில் வயல் உண்டு. வயல் இல்லாதவர்களும் அந்தப் புகையைச் சுவாசிக்கின்றோம். வைக்கோலை ஏன் எரிக்கின்றார்கள்? எரிக்காவிட்டால் அடுத்த விதைப்பை எப்படிச் செய்வது? உயர்தரத்தில் விவசாயம் கற்கும் மாணவி என்ற வகையில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விளக்கம் தர முயல்கின்றேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் மூத்தவர்களின் காலத்தில் வைக்கோல் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. கதிரைக் கையால் அறுத்து, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, களத்தில் மாடு விட்டு மிதித்தார்கள். ஆகவே வைக்கோல் களத்திலேயே ஓரிடத்தில் சேர்ந்தது. அது மாட்டுக்குத் தீனியானது, வீட்டுக்குக் கூரையானது. 1950களில் வாழைச்சேனையில் கடதாசி ஆலை வந்த பின்னர் அங்கே வைக்கோலும் மூலப்பொருளாகப் பயன்பட்டது. வயலில் மிஞ்சியது அடிக்கட்டை மட்டுமே.

இன்று வெட்டு மெசின் ஒரே ஓட்டத்தில் கதிரை அறுத்து, நெல்லைப் பிரித்து, வைக்கோலைத் தனக்குப் பின்னால் நீண்ட வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகின்றது. களத்தில் இருந்த வைக்கோல் வயலின் நடுவே வந்துவிட்டது. அதை அள்ளக் கூலியாள் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் செலவு அதிகம். ஒரு நெருப்புக் குச்சிக்கோ செலவே இல்லை. எரிப்பதற்கான முதற் காரணம் இதுதான்.

ஆனால் அந்த நெருப்புக் குச்சி உண்மையில் இலவசமா என்று கணக்குப் பார்ப்போம். நெல்லின் நிறையும் வைக்கோலின் நிறையும் ஏறத்தாழச் சமம். ஓர் ஏக்கரில் 70 புசல் நெல் விளைந்தால், ஒரு புசல் சுமார் 21 கிலோ என்பதால், ஏறக்குறைய ஒன்றரைத் தொன் வைக்கோலும் விளைந்திருக்கும். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும், ஏறத்தாழ 15 கிலோ பொற்றாசியமும் உள்ளன. அப்படியானால் அந்த ஏக்கரின் வைக்கோலில் ஏறத்தாழ 20 கிலோ யூரியாவுக்குச் சமமான நைதரசனும், 40 கிலோவுக்கு மேற்பட்ட எம்.ஓ.பி. பசளைக்குச் சமமான பொற்றாசியமும் இருக்கின்றன. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் வைக்கோலிலேயே தங்குகின்றது.

எரிக்கும்போது நைதரசன் முழுவதும் என்று சொல்லும் அளவுக்குப் புகையோடு போய்விடுகின்றது. பொற்றாசியத்தின் பெரும் பகுதி சாம்பலில் எஞ்சும். ஆனால் அந்தச் சாம்பல் வைக்கோல் கிடந்த வரிசையில் மட்டுமே கிடக்கும். காற்றிலும் மழையிலும் ஒரு பகுதி போய்விடும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் பட்ட பாடு நமக்கு மறக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டாலும் பசளையின் விலை முன்னைய நிலைக்குத் திரும்பவில்லை. கடையில் பணம் கொடுத்து வாங்குவதை வயலில் நெருப்பு வைத்து அழிப்பது சரியான கணக்கா என்று நாம் கேட்க வேண்டியிருக்கின்றது.

இதை நான் வீட்டில் சொன்னபோது வாப்பா கேட்ட கேள்வி நியாயமானது. "மகள், வைக்கல் கிடக்கிற வயலில எப்படி விதைக்கிற? மெசின் போகாது, நெல்லும் முளைக்காதே?"

அது உண்மைதான். வைக்கோல் கிடக்கும் நிலத்தில் வரிசை விதைப்புக் கருவியை இழுத்தால் மூன்று தடைகள் வருகின்றன. முதலாவது, அறுந்து கிடக்கும் வைக்கோல் கருவியின் கொழுக்களில் சிக்கி, உருண்டு, கும்பியாகச் சேர்ந்துவிடும்; மெசினை நிறுத்தி நிறுத்தி இழுத்தெடுக்க வேண்டும். இரண்டாவது, வட்டத் தகடு பூட்டிய கருவியாக இருந்தால், தகடு வைக்கோலை வெட்டாமல் மடித்து மண்ணுக்குள் அமுக்கிவிடும். விதை அந்த மடிப்பின் மேல் விழும். மண்ணைத் தொடாத விதை ஈரத்தை உறிஞ்ச முடியாது. முளைத்தாலும் வேர் பிடிக்காது. மூன்றாவது, வைக்கோல் ஓரிடத்தில் தடிப்பாகவும் இன்னோரிடத்தில் இல்லாமலும் இருந்தால் விதை விழும் ஆழம் மாறுபடும். பயிர் ஒரே சீராக எழாது.

இந்த மூன்றையும் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை தெரிகின்றது. நிலத்தில் வேரூன்றி நிமிர்ந்து நிற்கும் அடிக்கட்டை அவ்வளவாகத் தடையில்லை. கருவி அதற்கிடையே புகுந்து போய்விடும். அறுந்து, குவிந்து கிடக்கும் வைக்கோல்தான் தடை. அத்துடன், விதைக்காக முழு வயலும் வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. விதை விழுகின்ற இரண்டு விரல் அகலக் கோடு மட்டும் வெறுமையாக இருந்தால் போதும்.

இந்த உண்மையை வைத்தே ஒரு கருவியை உருவாக்கிய இடம் இந்தியாவின் பஞ்சாப் மாநிலம். அங்கே ஐப்பசி மாதமளவில் நெல்லை அறுத்து, கார்த்திகையில் கோதுமை விதைக்க வேண்டும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்களே. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நெல் நடுகையைப் பிற்போட்டதால் அந்த இடைவெளி மேலும் குறுகியது. எனவே வைக்கோலை எரித்தார்கள். அந்தப் புகை டெல்லி வரை போய்ப் பெரும் சுகாதாரப் பிரச்சினையானது. லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் அவுஸ்திரேலிய உதவியோடு 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் 'ஹெப்பி சீடர்' என்ற கருவியை உருவாக்கியது. அது விதை விழும் கோட்டுக்கு முன்னாலுள்ள வைக்கோலை வெட்டி அகற்றி, அந்தக் கோட்டில் கோதுமையை விதைத்து, வைக்கோலை மீண்டும் நிலத்தின் மேல் போர்வையாகப் போடுகின்றது. எரிக்கவும் தேவையில்லை, உழவும் தேவையில்லை.

ஆனால் அங்கும் அனுபவம் ஒரு பாடத்தைக் கற்பித்தது. வெட்டு மெசின் வைக்கோலை வரிசையாகக் கொட்டியிருந்தால் இந்தக் கருவியும் திணறுகின்றது. அதனால் வெட்டு மெசினின் பின்புறத்திலேயே வைக்கோலை நறுக்கிச் சீராகப் பரப்பும் பொறியைப் பூட்டத் தொடங்கினார்கள். பனியில் நனைந்த வைக்கோலும் தொல்லை தருவதால் வெயில் ஏறிய பிறகே விதைக்கின்றார்கள்.

பஞ்சாபின் கருவியை அப்படியே இங்கு கொண்டுவந்தால் போதுமா? போதாது. அதற்கு வலிமையான உழவு மெசின் வேண்டும். அதைவிட முக்கியமாக, நம் இரண்டு போகங்களும் ஒன்றுபோல் இல்லை.

மானாவாரி வயல்களில் பெரும்போகத்துக்குப் புரட்டாதி அளவில், மாரி மழைக்கு முன்னர், புழுதியில் விதைக்கின்றோம். முந்திய அறுவடைக்கும் இந்த விதைப்புக்கும் இடையில் ஆறு மாதங்களுக்கு மேல் இருக்கின்றது. அறுவடையின்போதே வைக்கோலைப் பரப்பி விட்டால், மாடுகள் மேய்ந்து, வெயிலில் காய்ந்து, கறையான் தின்று, விதைப்புக் காலத்தில் மெல்லிய போர்வையே மிஞ்சும். கருவி அதனூடாகப் போக முடியும். அந்தப் போர்வை மண்ணின் ஈரத்தைக் காக்கும். மழை பிந்தினால் அது பெரிய உதவி. வரிசையில் விதைப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு: வரிசைக்கு வெளியே முளைப்பவற்றைக் களையென்று எளிதில் அடையாளம் காணலாம்.

உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின் கீழுள்ள வயல்களில் நிலைமை வேறு. பெரும்போகம் அறுத்துச் சில வாரங்களில் சிறுபோகத்துக்குச் சேற்றில் விதைக்க வேண்டும். இங்கே வைக்கோலைப் பரப்பி, தண்ணீர் பாய்ச்சி, உழுது சேற்றோடு கலப்பதே வழி. ஆனால் கலந்தவுடன் விதைக்கக் கூடாது. வைக்கோலில் காபன் அதிகம், நைதரசன் குறைவு. அதை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளாகும். நீருக்குள் உக்கும்போது உண்டாகும் அமிலங்கள் முளை வேரையும் பாதிக்கும். ஆகவே குறைந்தது இரண்டு வாரங்கள், முடிந்தால் மூன்று, பொறுக்க வேண்டும். அந்த நாட்களைத் தண்ணீர் திறக்கும் திகதியோடு சேர்த்து முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

எரிப்பவர்கள் சொல்லும் இன்னொரு காரணத்தையும் மறைக்கக் கூடாது. பன்றிநெல்லின் விதைகளும் நோயும் மலிந்த வயலில் நெருப்பு அவற்றில் ஒரு பகுதியை அழிக்கும். அத்தகைய வயலின் வைக்கோலை வெளியே எடுத்து, நன்றாக உக்கிய கூட்டெருவாக்கிய பின்னர் பயன்படுத்துவது பாதுகாப்பானது. ஒரு வயலில் நோய் வந்தது என்பதற்காக வட்டை முழுவதையும் எரிக்கத் தேவையில்லை. மிதமிஞ்சிய வைக்கோல் இருந்தால் எருமைக்கும் மாட்டுக்கும் தீனியாக, காளான் வளர்ப்புக்கு, மிளகாய்ப் பாத்திக்கு மூடாக்காக எடுக்கலாம். தயிருக்குப் பெயர்போன மாவட்டத்தில், புல் கருகும் கோடையில் மாட்டுக்கு உதவும் தீனியை எரிப்பது இழப்பேயாகும்.

மேலே சொன்ன எல்லா வழிகளுக்கும் முதற்படி ஒன்றுதான். வைக்கோல் சீராகப் பரவியிருக்க வேண்டும். அதைச் செய்வதற்குச் சிறந்த நேரம் வெட்டு மெசின் வயலில் நிற்கும் நேரம். விதைப்புக்கு முதல் நாள் அதைப் பற்றி யோசித்தால், கையில் மிஞ்சும் வழி நெருப்பு மட்டுமே. எனவே வயலை நடத்தும் வாப்பாமார், காக்காமார், வயலைக் குத்தகைக்குக் கொடுத்திருக்கும் உம்மாமார் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். மெசினுக்குக் கூலி பேசும்போது, "எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று கேட்பதோடு, "வைக்கோலைப் பரப்பித் தருவீர்களா?" என்றும் கேளுங்கள். அந்த வசதி இல்லாத மெசினாக இருந்தால், அன்றைக்கோ மறுநாளோ முள்ளுக்கரண்டியால் வரிசையைக் கலைத்துவிடச் செய்யுங்கள்.

விதைக்கும் நாளில் இன்னொன்றையும் செய்யலாம். கருவி போன கோட்டில் நாலைந்து இடங்களில் மண்ணைக் கிளறிப் பாருங்கள். விதை மண்ணில் இருக்கிறதா, வைக்கோல் மடிப்பில் இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். முதல் வரிசையிலேயே தவறு தெரிந்தால், கருவியைத் திருத்தி மற்ற வரிசைகளைக் காப்பாற்றலாம்.