மதுவும் கணையமும்

மது அருந்தினால் ஈரல் கெடும் என்பதைப் பலரும் அறிவர். அதே மது கணையத்தையும் அழிக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே.

கணையம், இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக அமைந்துள்ள சுரப்பி. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். இதற்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, உணவைச் செரிக்கும் நொதிகளைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புதல். மற்றொன்று, இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரத்தல்.

நொதிகள் சிறுகுடலை அடைந்த பின்னரே செயல்படத் தொடங்க வேண்டும். தொடர்ந்து மிகுதியாகக் குடிப்பவருக்கோ, அவை கணையத்திற்கு உள்ளேயே செயல்படத் தொடங்கிவிடக்கூடும். அப்போது பருப்பையும் மீனையும் செரிக்க வேண்டிய நீர், தன்னைச் சுரந்த உறுப்பையே செரிக்கிறது! இதுவே கணைய அழற்சி.

மேல்வயிற்றில் தோன்றும் கடும் வலி முதுகிற்குப் பரவும், வாந்தியும் வரும். வாயுத் தொல்லை என்று எண்ணிச் சோடா குடித்துக் காலம் கடத்துவது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலி தீர்ந்ததும் மீண்டும் குடித்தால், கணையம் நாளடைவில் தழும்பேறிச் சுருங்கும். உண்ட உணவு உடலில் ஒட்டாது, உடல் மெலியும், நீரிழிவும் வரலாம். தழும்பேறிய பகுதி பழைய நிலையை அடைவதில்லை. ஆயினும் குடியையும் புகையையும் அறவே விட்டால், எஞ்சிய பகுதியைப் பெரிதும் காக்கலாம்.

அன்புத் தோழியரே! பெரியவர்களுக்கு அறிவுரை கூற நாம் சிறியவர்கள். எனினும், "அப்பா, வலி நின்றதால் கணையம் ஆறிவிட்டது என்று எண்ணாதீர்கள்" என்று அன்புடன் சொல்ல நமக்கு உரிமை உண்டு.