மூன்று மாதம் இன்னொரு வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுப் போட்டி என்றால் பெரும்பாலும் தேசிய கீதத்தோடுதான் தொடங்கும். இந்தியானா மாநிலத்தின் கோஷன் கல்லூரியில் 2010 மார்ச் வரை அந்த வழக்கம் இல்லை. அந்த மாதம் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன் வரிகள் இல்லாமல் இசையை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். பழைய மாணவர்கள் பலருக்குப் பொறுக்கவில்லை. போர்க்களத்தில் பிறந்த பாட்டுக்கு நம் கல்லூரியில் என்ன வேலை என்று கேட்டார்கள். 2011-ல் ஆட்சிக்குழு அதற்கு மாற்றுத் தேடச் சொன்னது; நாட்டின் இயற்கை அழகைப் பாடும் ‘அமெரிக்கா த ப்யூட்டிஃபுல்’ போதும் என்று கல்லூரி முடிவு செய்தது.

இந்தக் கல்லூரி மென்னோனைட் சபையைச் சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருவான கிறிஸ்தவப் பிரிவு அது. எந்த அரசு கட்டளையிட்டாலும் ஆயுதம் எடுப்பதில்லை என்பது அதன் உறுதி. இரண்டாம் உலகப்போரில் அந்தச் சபை இளைஞர்கள் ஆயிரக்கணக்கானோர் படையில் சேராமல் மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பராமரித்தார்கள், காட்டுத்தீயை அணைத்தார்கள். போருக்கு வரமாட்டேன் என்பவன் அதற்கு ஈடாக ஊருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற எண்ணம் அப்படி வேரூன்றியது.

அந்த எண்ணத்தை 1968-ல் கோஷன் தன் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. மாணவர்கள் ஏறத்தாழ மூன்று மாதம் வெளிநாட்டில் தங்க வேண்டும் என்பது திட்டம். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. கோஸ்டாரிகா, ஜமைக்கா என்று தொடங்கி ஹைட்டி, செனகல், கம்போடியா, பெரு வரை போனார்கள். 1980-ல் சீனாவுக்கும் ஒரு குழு போனது. வெளி உலகுக்குச் சீனா அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தது.

பாதிக் காலம் படிப்பு, மீதிக் காலம் ஊழியம். முதல் ஆறு வாரம் பெரும்பாலும் நகரத்தில், உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில். காலையில் மொழி வகுப்பு, அந்த நாட்டின் வரலாறு, அரசியல் குறித்த உரைகள். மாலையில் வீடு திரும்பினால் அங்கே என்ன சமைத்திருக்கிறார்களோ அதுதான் சாப்பாடு. அரைகுறை ஸ்பானிஷில் அந்த வீட்டு அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிப் புரியவைப்பதும் படிப்பில் சேர்த்திதான். பிறகு சிற்றூர்களுக்குப் பிரிந்து போய்ப் பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ வேலை. நாள்தோறும் குறிப்பேடு எழுத வேண்டும். கூடவே போய் அந்த நாட்டில் தங்கியிருக்கும் பேராசிரியர் அதை வாங்கிப் படிப்பார்.

இருபது வயதுப் பிள்ளை ஆறு வாரத்தில் ஒரு கிராமத்தை மாற்றிவிட முடியாது. கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வதே அதிகம். ஆனால் மொழி தெரியாமல், யாரோ ஒருவரின் பொறுமையை நம்பி வாழ்ந்து பார்த்தவருக்குத் தன் ஊரில் வந்து குடியேறும் அந்நியரின் நிலைமை புரியும். எந்த வகுப்பறையிலும் கிடைக்காத படிப்பு இது.

1894-ல் எல்க்கார்ட் நகரில் தொடங்கி 1903-ல் கோஷனுக்கு இடம் மாறிய கல்லூரிக்குச் சபையோடு உரசலும் உண்டு. கல்லூரி பழைய நெறியிலிருந்து விலகிப்போகிறது என்ற கவலையில் 1923-24 கல்வியாண்டில் சபை அதை மூடியே விட்டது. அடுத்த ஆண்டு திறந்தபோது வந்து சேர்ந்த ஆசிரியர்களில் ஒருவர் ஹரோல்ட் பெண்டர். மென்னோனைட் வரலாற்று ஆய்வுக்குப் பின்னாளில் உலக அளவில் அடித்தளம் போட்டவர் அவர்.

இன்று மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொடாது. வழிபாட்டுக் கூட்டங்களில் இசைக்கருவி இல்லாமல் நான்கு குரலில் பாடும் மரபு இன்னும் இருக்கிறது. 1969 பாடல் நூலில் 606-ஆம் எண்ணில் இருந்த துதிப்பாடலைத்தான் ‘மென்னோனைட் தேசிய கீதம்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். புதிய நூல்களில் எண் மாறியும் பெயர் என்னவோ 606 தான். சுற்றுச்சூழல் படிக்கிறவர்களுக்கு நகருக்கு வெளியே மெர்ரி லீ என்ற இடத்தில் 1,100 ஏக்கருக்கு மேல் காடும் சதுப்பும் புல்வெளியும் இருக்கின்றன. அங்கேயே குடில்களில் தங்கிப் படிக்கலாம்.

கல்லூரியின் சுற்றுவட்டாரம் முழுக்க வீட்டு வசதியுள்ள பயண வண்டிகளைத் தயாரிக்கும் ஆலைகள். அந்த வேலைக்கு வந்த லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது இங்கே கணிசமாகப் படிக்கிறார்கள். பலருக்கு வீட்டிலேயே ஸ்பானிஷ் பேச்சு; பகுதிநேர வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் வெளியே போக வழியில்லை. அதனால் குறுகிய காலப் பயணங்களையும் உள்நாட்டிலேயே முடிக்கும் வாய்ப்புகளையும் கல்லூரி சேர்த்திருக்கிறது.