தபால் பெட்டியோடு சண்டைக்குப் போன சைக்கிள் வீரர்!

அமெரிக்காவின் மேற்குக் கரையில் மிதிக்க ஆரம்பித்தால் கிழக்குக் கரையில்தான் முடிவு. தூரம் சுமார் 4,800 கிலோ மீட்டர்! இந்தப் பந்தயத்தில் 5 முறை வென்றவர் யூரே ரோபிச். சுலோவேனியா நாட்டு ராணுவ வீரர்.

தூக்கம் நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான். அதுவே அதிகம். விளைவு? புத்தி தடுமாறும். தாடிக்காரர்கள் குதிரையில் துரத்துவதுபோல் தெரியும். இன்னும் வேகமாக மிதிப்பார். சாலையோர தபால் பெட்டியை எதிரி என நினைத்து, சைக்கிளை விட்டு இறங்கி மல்லுக்கு நிற்பார்! கூடவே வண்டியில் வரும் நண்பர்கள் பாடு திண்டாட்டம்தான்.

2009-ல் அபராத நேரம் போட்டார்கள். கோபத்தில், முடிவுக்கோடு நெருங்கியும் விலகிவிட்டார். 2010-ல் மீண்டும் வந்து ஜெயித்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 24. சொந்த ஊரான யெசெனிட்சே அருகே மலைப்பாதையில் பயிற்சி. எதிரே ஒரு கார். மோதிய வேகத்தில் உயிர் போனது. வயது 45.