ஈமாக்ஸ் பொதிகளை மீண்டும் தொகுத்தல்

ஈமாக்ஸ் பொதிகளை மீண்டும் தொகுத்தல் என்பது, குனூ ஈமாக்ஸ் உரைத்திருத்தியைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பின், முன்பே நிறுவியிருந்த கூடுதல் பொதிகளின் தொகுத்த கோப்புகளை மூலநிரலிலிருந்து திரும்ப உருவாக்கும் பணியாகும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பொதி, திருத்தியைப் புதுப்பித்ததும் பிழைச்செய்தி காட்டினால் முதலில் ஐயப்பட வேண்டியது இந்தக் கோப்புகளைத்தான். இதை அறியாமல், பல ஆண்டுகளாகச் சேர்த்த தன் அமைப்புக் கோப்பையே அழித்துவிடுவது வீண் இழப்பு.

காரணம்

பொதிகள் ஈமாக்ஸ் லிஸ்ப் மொழியில் எழுதப்படுகின்றன. '.எல்' என முடியும் மூலக்கோப்பின் அருகில், அதை விரைவாக இயக்குவதற்காகப் பைட்குறியாக மாற்றிய '.எல்சி' கோப்பு இருக்கும். இரண்டும் இருந்தால் ஈமாக்ஸ் வழக்கமாகப் பின்னதையே ஏற்றும்.

பழைய பைட்குறி புதிய பதிப்பிலும் பெரும்பாலும் இயங்கிவிடும். சிக்கல் மேக்ரோக்களில் இருக்கிறது. சாதாரணச் செயற்கூறு, நிரல் ஓடும்போதுதான் தேடி அழைக்கப்படும். எனவே திருத்தி மாறினால் புதிய செயற்கூறே கிடைக்கும். மேக்ரோவோ தொகுக்கும்போதே விரிக்கப்பட்டு, அன்றைய வடிவம் கோப்பில் பதிந்துவிடும். பின்னர் ஈமாக்ஸின் உள்ளமைப்பு மாறினாலும் பதிந்தது மாறாது.

2018இல் வெளிவந்த 26ஆம் பதிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'சிஎல்-டெஃப்ஸ்ட்ரக்ட்' மேக்ரோவால் உருவாகும் தரவுகள் அதுவரை வெக்டர்களாக இருந்தன. அப்பதிப்பில் 'ரெக்கார்டு' என்ற புதிய வகைக்கு மாறின. 25ஆம் பதிப்பில் தொகுத்த கோப்புக்குள் 'இது வெக்டர்தானா?' என்ற சோதனை பதிந்திருந்தது. ரெக்கார்டைக் கண்டதும் அச்சோதனை அதைத் தவறான வகை என்று மறுத்தது. மூலநிரலில் ஓர் எழுத்தும் பிழையில்லை!

செய்முறை

2023இல் வெளியான 29ஆம் பதிப்பு முதல் வேலை எளிது. ஆல்ட் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி, 'பேக்கேஜ்-ரீகம்பைல்-ஆல்' என்ற கட்டளையைக் கொடுத்தால், நிறுவிய பொதிகள் யாவும் மீண்டும் தொகுக்கப்படும். பழைய வரையறைகள் நினைவகத்தில் தங்கியிருக்கும் என்பதால், பிறகு ஈமாக்ஸை மூடித் திறக்க வேண்டும்.

முந்தைய பதிப்புகளில் 'பைட்-ரீகம்பைல்-டைரக்டரி' உண்டு. ஆனால் அது கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, மூலக்கோப்பு பிந்தியதாக இருந்தால் மட்டுமே தொகுக்கும். திருத்தியை மாற்றியதால் மூலக்கோப்பின் நேரம் மாறுவதில்லை; தொகுத்த கோப்பே பிந்தியதாகத் தெரியும். ஆகவே கட்டளை எதையும் செய்யாமலேயே முடிந்துவிடும், பயனரோ தொகுத்தாயிற்று என்று நம்பிவிடுவார். இதைத் தவிர்க்க, பொதிகள் இருக்கும் 'எல்பா' கோப்புறையில் '.எல்சி' கோப்புகளை மட்டும் முதலில் நீக்கிவிடலாம். கைதவறி '.எல்' கோப்புகளை நீக்கினால் பொதியே போய்விடும். நீக்கியபின் தொகுக்காமல் விட்டாலும் பொதி மூலக்கோப்பிலிருந்து இயங்கும், வேகம்தான் குறையும்.

புதிய பதிப்பில் கைவிடப்பட்ட செயற்கூறை மூலநிரலே அழைத்தால், மீண்டும் தொகுத்துப் பயனில்லை. பொதியின் புதிய பதிப்பைப் பெற வேண்டும். ஒரே பொதிக் கோப்புறையை வெவ்வேறு ஈமாக்ஸ் பதிப்புகள் உள்ள இரு கணினிகள் பகிர்ந்துகொள்வதும் தொல்லைதான்: புதியதில் தொகுத்த கோப்பு பழையதில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை.