ஒட்டும் முன் எழுதி வாங்குங்கள்

மருத்துவமனை வராந்தாவிலும் கல்லூரி விடுதியிலும் டீ, காபி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் தரும் தானியங்கி மெஷின்களை நடத்துபவர்களில் பலர் சிறு முதலாளிகள். ஒன்றிரண்டு மெஷின், ஒரு வண்டி, கூட ஓர் ஆள். மெஷின் வெறும் கறுப்பிலோ வெள்ளையிலோ வந்து இறங்கும். பெயர், படம், விலை எல்லாம் அதன்மேல் வினைல் ஸ்டிக்கராக ஏற வேண்டும். கட்டிங் பிளாட்டர் வாங்கி நாமே வெட்டி ஒட்டிக்கொள்வதா, ஸ்டிக்கர் கடையில் கொடுத்துவிடுவதா? இந்தக் கேள்வி வந்ததும் சதுர அடிக்கு எவ்வளவு என்று கணக்குப் போடாதவர் கிடையாது. ஆறு மாதத்தில் ஓரம் சுருண்டால் யார் பொறுப்பு, வரைந்த படம் யாருக்குச் சொந்தம் என்று கேட்பவர்தான் குறைவு. தகராறு கிளம்புவது அங்கிருந்துதான்.

ஆறடி உயரம், மூன்றடி அகலம், இரண்டரை அடி ஆழமுள்ள மெஷினுக்கு முன்பக்கம் 18, பக்கவாட்டு இரண்டும் 30, ஆக 48 சதுர அடி. கண்ணாடியைக் கழித்தாலும் வெட்டுக் கழிவைச் சேர்த்தால் பெரிதாகக் குறையாது. சிறு தொழிலுக்கு வாங்கும் பிளாட்டர்கள் பெரும்பாலும் இரண்டடி அகலம்தான். அவை அச்சடிக்காது, வண்ண வினைலை வெட்டித் தரும், அவ்வளவே. எழுத்து, எண், அம்புக்குறி, விலைச் சீட்டு ஆகியவற்றுக்கு அது தாராளம். முழுப் படம் வேண்டுமென்றால் அகல பிரிண்டரும் லேமினேஷன் மெஷினும் தேவை. ஐந்தாறு மெஷினுக்காக அவற்றை வாங்குவது வீண் என்பேன். அடிக்கடி மாறும் விலைச் சீட்டை வீட்டில் செய்யலாம், ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய உறையை வெளியே கொடுக்கலாம். பலருக்கும் இதுதான் ஒத்துவரும்.

வீட்டில் செய்பவருக்கு ஓர் எச்சரிக்கை. அக்ரிலிக் வெட்டும் லேசர் மெஷின் பக்கத்தில் இருக்கிறதே என்று வினைலை அதில் வைத்துவிடாதீர்கள். வினைல் என்பது பிவிசி. லேசர் சூட்டில் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். அது நுரையீரலையும் கெடுக்கும், லேசர் மெஷினையும் அரிக்கும். கத்தி முனையால் வெட்டும் பிளாட்டர்தான் சரி. இன்னொன்று, குளிரூட்டும் புதிய மெஷின்கள் பலவற்றில் ஆர்290 என்ற புரோப்பேன் வாயு இருக்கிறது. அது தீப்பற்றக்கூடியது. மெஷின் ஓடும்போதே, வினைலைச் சூடாக்கிப் படியவைக்கும் ஹீட் கன்னை அதன் பின்பக்கம் கொண்டுபோவதும், ஒட்டுமுன் துடைக்கும் ஆல்கஹால் காய்வதற்குள் சூடு காட்டுவதும் விபத்தை அழைக்கும் வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்டிக்கரால் காற்றுத் துளைகளை மூடினால் கம்ப்ரஸர் சூடேறும். சீரியல் எண் தகட்டையும் மின் எச்சரிக்கைக் குறிகளையும் மறைத்துவிட்டால், பழுது பார்க்க வரும் ஆள் வாரண்டி பேச்சையே எடுக்கவிடமாட்டார். உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமச் சான்று கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. அதற்கான இடத்தை டிசைனிலேயே விட்டுவிடுங்கள்.

கடையில் கொடுக்கும்போது 'நல்ல வினைல் போடுங்க' என்று சொன்னால் போதாது. சந்தையில் இரண்டு வகை உண்டு. உருக்கிய பிவிசியை உருளைகளில் அழுத்தித் தாளாக்குவது காலண்டர்டு. விலை மலிவு, பெரும்பாலும் 80 முதல் 100 மைக்ரான். நாளாக நாளாக அது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், ஓரம் தூக்குவதற்கு முக்கியக் காரணம் அதுதான். திரவமாக வார்த்து எடுப்பது காஸ்ட். சுமார் 50 மைக்ரான், விலை கூடுதல், வளைவிலும் மடிப்பிலும் படிந்து நிற்கும். மெல்லியது மட்டம், தடித்தது உசத்தி என்ற நினைப்பு இங்கே செல்லாது. பசையிலும் நிரந்தரம், கழற்றக்கூடியது என இரண்டு உண்டு. வாடகை மெஷினுக்கு நிரந்தரப் பசையை ஒட்டிவிட்டால், திருப்பித் தரும்போது பெயிண்ட் உரிந்ததற்கான செலவு உங்கள் தலையில் விழும். சொரசொரப்பான பவுடர் கோட்டிங் மேல் சாதாரணப் பசை சரியாகப் பிடிக்காது. முன்கூட்டியே ஒரு துண்டை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதனால் ஆர்டர் சீட்டில் வினைலின் கம்பெனியும் வகையும், லேமினேஷன் உண்டா, எந்தப் பசை, எத்தனை மாதம் உத்தரவாதம், கெட்டால் மாற்றித் தருவதா பணமா, ஒட்டும் கூலி சேர்ந்ததா என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'வெயில் படும் இடம், மூன்று வருடம் நிற்க வேண்டும்' என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்த வரிக்கு மதிப்பு அதிகம். எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தெரியப்படுத்தி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தப் பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. மாதிரி காட்டி விற்றால் மாதிரிபோல இருக்க வேண்டும் என்பது 17ஆவது பிரிவு. கடைக்காரர் காட்டிய துண்டைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிய கோப்பைத்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும். அச்சுக்கு முன் கடை காட்டும் ப்ரூஃபில் 'சரி' என்று நீங்கள் அனுப்பிய பிறகு பிழை கண்டால், மறு அச்சுச் செலவைக் கடைக்காரரிடம் கேட்க வழியில்லை.

படத்தின் உரிமைதான் பலரும் சறுக்கும் இடம். காசு கொடுத்தோம், டிசைன் நம்முடையது என்று நினைக்கிறோம். பதிப்புரிமைச் சட்டம், 1957 அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வைத்த ஆள் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்கு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும் எடுக்கச் சொன்னவருக்கே. ஆனால் வெளி டிசைனர் கம்ப்யூட்டரில் செய்துதரும் வரைகலை, எழுதிக் கொடுக்காதவரை பொதுவாக அவருடையதே. அந்த எழுத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் 19ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள்தான் செல்லும். 'இந்த டிசைனின் முழு உரிமையும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், இன்னாருக்கு' என்று கையெழுத்து வாங்குங்கள். மூலக் கோப்பையும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த மெஷினுக்கும் அதே கடைதான், அவர் சொல்வதுதான் விலை.

இணையத்தில் இறக்கிய படத்தை வீட்டில் வெட்டினாலும் கடையில் அச்சடித்தாலும் மீறல் மீறல்தான். தெரிந்தே செய்த மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. நடிகர் படத்தைப் போட்டால் கூட்டம் வரும் என்பது நம் ஊர் நம்பிக்கை. அனுமதியில்லாமல் போட்டால் வழக்கும் வரலாம். தன் பெயரையும் சாயலையும் அனுமதியின்றி ஓர் இந்திப் படத்தில் பயன்படுத்துவதாக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தடை விதித்தது. கம்பெனி முத்திரைகளும் அப்படியே. உள்ளே இன்ன குளிர்பானம் கிடைக்கும் என்று தெரிவிப்பது வேறு. மெஷின் முழுக்க அந்தக் கம்பெனியின் நிறமும் முத்திரையுமாக மாற்றி அவர்களுடைய மெஷின் போலக் காட்டுவது வேறு. பின்னது வணிகக் குறிகள் சட்டம், 1999இன்படி வழக்குக்கு இடம் தரும்.

விலைச் சீட்டில் 'கூலிங் சார்ஜ்' என்று ஒட்டி, அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் வசூலிப்பதும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளுக்கு முரண். யுபிஐ க்யூஆரைத் தனிச் சீட்டாக வெளியே ஒட்டாதீர்கள். அதன்மேல் வேறொருவர் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போவது பல ஊரிலும் நடந்த மோசடி. கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்து, பக்கத்தில் பணம் பெறுபவர் பெயரை அச்சிட்டால் வாங்குபவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ஸ்டிக்கர் கெட்டுவிட்டது, கடைக்காரர் கையை விரிக்கிறார் என்றால் தேதி தெரியும் புகைப்படம், பில், ப்ரூஃப், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். வியாபாரத்துக்கு வாங்கியவர் 'நுகர்வோர்' ஆகமாட்டார் என்று பயமுறுத்துவார்கள். முழுவதும் பொய்யல்ல. ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது. ஒன்றிரண்டு மெஷினைத் தானே நடத்துபவர் அதைச் சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுப்போட வேண்டும். ஸ்டிக்கர் சிவகாசியில் அடித்ததாக இருந்தாலும், கோவைக்காரர் கோவையிலேயே தாக்கல் செய்யலாம். வழக்குக்கு முன் 1915 உதவி எண்ணில் புகார் பதியலாம். பத்து ஆள் வைத்து நடத்தும் நிறுவனங்களுக்கு இந்த வழி கடினம். அவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றம்தான், அங்கே பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு.

கோபத்தில் பாக்கிப் பணத்தை நிறுத்திவைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஸ்டிக்கர் கடை உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி ஒப்புக்கொண்ட தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. ஆட்சேபம் இருந்தால் பொருள் கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தால்தான் அந்தக் கெடு உங்களுக்குத் தள்ளிப்போகும். ஆகவே ஒட்டி முடித்த இரண்டாவது வாரத்திலேயே மெஷினைச் சுற்றிவந்து மூலைகளையும் குமிழ்களையும் பாருங்கள். குறை தெரிந்தால் அன்றே எழுதி அனுப்புங்கள்.