கணக்கில் பிரிந்த உறவுகள்

1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் சிதறிய உறவுகளைத் தேடும் நிகழ்ச்சியொன்றைத் தென்கொரியத் தொலைக்காட்சி 1983இல் 138 நாட்கள் ஒளிபரப்பிற்று. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதனால் ஒன்று சேர்ந்தன. இதனைப் படிக்குந்தோறும் நம் நினைவுக்கு வருவோர் இலங்கை மலையகத் தமிழர். கொரியரைப் பிரித்தது போர். இவர்களைப் பிரித்தது ஒரு கணக்கு.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகுத்துக்கொண்டன. பகுக்கப்பட்டோரை எவரும் கேட்கவில்லை.

மணமான மகன் தனிக் குடும்பம். அவன் மனைவியைப் பெற்றவர் வேறு குடும்பம். ஆதலின் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராக்களில் வாழ்ந்தவருள் தந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மகளுக்கு இலங்கைக் குடியுரிமையும் வாய்த்தன. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் மண்டபம் முகாம் வழியே பல மாவட்டங்களுக்கும் அனுப்பப்பெற்றனர். நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இவர்களுக்கென உருவாயின. அங்கே 'கள்ளத்தோணி' என இழிக்கப்பட்டவர் இங்கே 'சிலோன்காரர்' ஆயினர். பெயர் சூட்டுவதில் நம்மவரும் சளைத்தவர் அல்லர்!

1983 கலவரத்தை அடுத்து 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் புறப்பட இயலாதோர் அங்கேயே தங்கினர். அவர்களுக்கும் எஞ்சிய நாடற்றோர்க்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் குடியுரிமை வழங்கிற்று.

நாம் பெரிதும் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. கலவரத்துக்கு அஞ்சிப் படகில் வந்த மலையகத்தாரும் பலர். அவர்கள் 'அகதி' எனப் பதியப்பெற்றனர். ஒப்பந்தப்படி கப்பலில் வந்த அண்ணன் 'தாயகம் திரும்பியவர்'. அவருக்குக் குடியுரிமையும் வாக்கும் உண்டு. பிந்தி வந்த தம்பியோ முகாமில் வாழும் அயல்நாட்டவர். இருவருக்கும் பாட்டன் ஊர் ஒன்றே.

நம் காட்டுப்பாக்கத்துக்கு வடக்கே புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அங்கே செல்லும் மாணவர், "இலங்கையில் எந்த ஊர்?" என்பதோடு நில்லாமல், "தாத்தா எந்த ஊரிலிருந்து போனார்?" என்றும் கேட்டுப் பார்க்கலாம்.