வலக்கை ரீலா, இடக்கை ரீலா?



தூண்டில் போடுவதைப் பொழுதுபோக்கு என்பார் சிலர். தொழில் என்பார் சிலர். வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தின் தலைநகராகிய எங்கள் மாயாபந்தரில் அது இரண்டும் ஆகும். ஊரைச் சுற்றிலும் கடல்; கடலினின்று உள்ளே புகும் ஓடைகள்; ஓடைக் கரையெங்கும் அலையாத்திக் காடு. அக்காட்டின் வேர்களுக்கு இடையே கொடுவாவும் செப்பிலியும் பதுங்கி வாழ்கின்றன. முன்பெல்லாம் தங்கூசியைக் கையில் பிடித்தே மீனை இழுத்தார்கள். இன்றும் பலர் அவ்வாறே செய்கிறார்கள். ஆயினும் கழியும் ரீலும் வாங்கும் இளைஞர் தொகை பெருகி வருகிறது. அவர்கள் விடுமுறைதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பெய்ட்காஸ்டர் ரீல் வாங்கப் போகிறேன். வலக்கை ரீல் வாங்குவதா, இடக்கை ரீல் வாங்குவதா?”

எளிய கேள்விதானே என்று எண்ண வேண்டா. தவறாகத் தேர்ந்தால் பணம் வீணாகும். எங்கள் ஊரில் மாற்றிக்கொள்ளக் கடையும் இல்லை. போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற நகரினின்றோ, கடல் கடந்து சென்னையினின்றோதான் பொருள் வரவேண்டும். ஆகவே வாங்குமுன் தெளிவது நன்று.

முதலில் கருவியைக் காண்போம். தூண்டில் ரீல்களுள் பெரும்பாலோர் அறிந்தது ஸ்பின்னிங் ரீல். அது கழிக்குக் கீழே தொங்கும். அதன் உருளை, எறியும்போது சுழலாது. தங்கூசி வளையம் வளையமாக நழுவிச் செல்லும். பெய்ட்காஸ்டரோ கழியின் மேலே அமர்ந்திருக்கும். எறிந்தவுடன் பொய்யிரை இழுக்கும் வேகத்தில் அதன் உருளையே சுழலும். பொய்யிரை வேகம் குறைந்த பின்னும் உருளை ஓடிக்கொண்டே இருந்தால் தங்கூசி குருவிக்கூடு போல் சிக்கிவிடும். அதைத் தடுப்பது எறிபவரின் கட்டைவிரலே. இவ்வகை ரீலின் முன்னோடிகளை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கடிகாரக் கைவினைஞர்கள் செய்தனர். கைப்பிடியை ஒருமுறை சுற்ற, உருளை பலமுறை சுழலும்படி பற்சக்கரங்களைப் பொருத்தியதே அவர்கள் திறம்.

ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியைக் கழற்றி இடப்பக்கமோ வலப்பக்கமோ மாட்டிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் அது இயலாது. ஏன்? பற்சக்கரங்கள், மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் டிராக் ஆகியவை எல்லாம் கைப்பிடி உள்ள பக்கத்திலேயே அடங்கியுள்ளன. எதிர்ப்பக்கத்தில் உருளையின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக் இருக்கும். பக்கத்தை மாற்றுவதென்றால் ரீலையே மாற்றுவதாகும்.

இனிப் பெயரைப் பற்றி ஒரு சொல். குழப்பம் அனைத்துக்கும் வேர் அதுவே. ‘வலக்கை ரீல்’ என்றால் வலக்கையருக்கு உரிய ரீல் என்று பொருளன்று. கைப்பிடி வலப்பக்கம் உள்ள ரீல் என்பதே பொருள். ‘இடக்கை ரீல்’ என்பதும் அவ்வாறே. பெயர் சுற்றும் கையைக் குறிக்கிறது. எறியும் கையைக் குறிக்கவில்லை.

என் நண்பர் ஒருவர் எழுதுவது, உண்பது, எறிவது யாவும் இடக்கையால்தான். ஒரு கடைக்காரர், “நீங்கள் இடக்கையர், உங்களுக்கு இடக்கை ரீலே பொருந்தும்” என்று விற்றுவிட்டார். நண்பர் இடக்கையால் எறிவார்; கைப்பிடியும் இடப்பக்கமே இருக்கும்; எனவே ஒவ்வொரு முறையும் கழியை வலக்கைக்கு மாற்றிய பின்னரே சுற்ற முடிந்தது. பிறகு அந்த ரீலை வலக்கையரான தம் மாமன் மகனுக்குக் கொடுத்தார். அவருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை போல் பொருந்திற்று! நம் நண்பர் வலக்கை ரீல் ஒன்றை வாங்கினார். இடக்கை எறிந்தது, வலக்கை சுற்றியது, மாற்றும் வேலையே இல்லை.

ஆனால் உலகெங்கும் வலக்கையருள் மிகப்பலர் நெடுங்காலமாக வலக்கை ரீலையே கையாண்டு வருகின்றனர். வலக்கையால் எறிவர், கழியை இடக்கைக்கு மாற்றுவர், வலக்கையால் சுற்றுவர். பழகிய கைக்கு இது கண்ணிமைக்கும் நேரச் செயல். அந்த நேரத்தில் என்ன கெடப்போகிறது என்று கேட்பீர்கள்.

அலையாத்தி ஓடையில் கெடும். பொய்யிரை வேரருகே விழுந்த நொடியிலேயே செப்பிலி கவ்வக்கூடும். எறியும்போது உருளையை விடுவித்திருக்கிறோம். பெரும்பாலான ரீல்களில் கைப்பிடியைச் சுற்றினால்தான் பற்சக்கரம் மீண்டும் பற்றும். அதுவரை மீனுக்கும் நமக்கும் இடையே உள்ள பிடி கட்டைவிரல் ஒன்றே. கழி கைமாறும்போது அந்த விரலும் விலகுகிறது. மீன் ஒரு முழம் ஓடினால் போதும், வேருக்குள் புகுந்துவிடும், தங்கூசி அறுந்துவிடும். சிக்கியதை எடுக்க நீரில் இறங்கலாமா? உப்புநீர் முதலைகள் வாழும் ஓடைகள் அவை. அங்கு இறங்குவது துணிவன்று, மடமை.

இன்னொரு கணக்கும் காண்போம். நூல் சுற்றிய உருளையின் குறுக்களவு 32 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நூல் ஏறும். பற்சக்கர விகிதம் 7க்கு 1 ஆயின், கைப்பிடியின் ஒரு சுற்றில் 70 சென்டிமீட்டர் நூல் வரும். வேகம் நன்று, ஆனால் விலை உண்டு. கைப்பிடியின் நீளம் 45 மில்லிமீட்டர் என்றால், 4 கிலோ இழுவையை எதிர்த்துச் சுற்ற, உராய்வை ஒதுக்கினாலும், கை ஏறத்தாழ 10 கிலோ விசை தரவேண்டும். விகிதம் 5க்கு 1 ஆயின் 7 கிலோ போதும்.

இதனால் தெரிவது யாது? ரீலைக் கிணற்று இராட்டினம் போல் எண்ணி மீனை இழுத்தல் தகாது. கழியை உயர்த்தி மீனை அருகே கொணர்வது ஒரு கை. கழியைத் தாழ்த்துகையில் தளரும் நூலைச் சுற்றுவது மறு கை. பாரம் தாங்குவது கழி பிடித்த கையே. அப்படியானால் வலிய கை கழியில் இருப்பதுதானே முறை? ஸ்பின்னிங் ரீலில் வலக்கையர் பலரும் இடக்கையால்தான் சுற்றுகிறார்கள். அதில் எவரும் குறை கண்டதில்லை.

எனினும் எல்லா இடத்துக்கும் ஒரே விதி கூறேன். ஆழ்கடலில் பெரும்பாறை மீனுக்கோ சூரைக்கோ கனமான இரும்பிரையை நேர்கீழே இறக்கிப் பிடிப்பவர் எறிவதே இல்லை. கை மாற்றும் தொல்லையும் இல்லை. அங்கே நெடுநேரம், விரைவாக, வலிமையோடு சுற்றவேண்டும். அதற்கு வலக்கையர் வலக்கை ரீல் கொள்வதே நன்று. படகில் கழியைத் தாங்கியில் நட்டுவைத்து இழுப்போர்க்கும் அதுவே பொருந்தும். பல்லாண்டு வலக்கையால் சுற்றிப் பழகியவரும் வீணே மாற வேண்டியதில்லை.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேளுங்கள். எந்தக் கையால் எறிகிறேன்? எறிவது மிகுதியா, சுற்றுவது மிகுதியா? மீன் பதுங்கும் இடம் எவ்வளவு அருகில்? ஓடையில் எறியும் புதியவர், எறியும் கைக்கு எதிர்ப்பக்கம் கைப்பிடி உள்ள ரீலைத் தேர்க. நண்பரின் ரீலை இரவல் பெற்று இருபது முறை எறிந்து பாருங்கள். விடை தானே விளங்கும்.

பெட்டியின்மேல் எழுதியிருக்கும் கை எதுவாயினும், கழி பிடிக்கப்போவது உங்கள் கை. அதைக் கேட்டு வாங்குங்கள், தோழர்களே!